ஒரு காப்பியிலிருந்து அடுத்த காப்பி: மீம் எப்படிப் பரவுகிறது?

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பல வருடங்களாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு, ஆதார், சிட்டா, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் என்று இந்த வட்டாரத்துக் காகிதங்களில் பாதியாவது என் மிஷின் கண்ணாடியில் ஒருமுறை குப்புறப் படுத்திருக்கும்.

கடை ஆரம்பித்த புதிதில் பஞ்சப்பள்ளிப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் தாளை விரித்து, "இத நூறு போட்டுக் குடு தம்பி" என்றார். பிட் நோட்டீஸ். ஏதோ ஒரு கோயிலில் பாம்பு வந்து மனித உருவில் பேசியதாம். படிப்பவர்கள் இதை நூறு பிரதி எடுத்து ஊருக்குக் கொடுத்தால் 17 நாளில் நல்ல சேதி வருமாம். அச்சடித்துக் கொடுத்த ஒருவருக்குப் பணம் கொட்டியதாம், கிழித்துப் போட்ட இன்னொருவர் வீட்டில் சாவு விழுந்ததாம். நம் ஊரில் வளர்ந்தவர்களில் பாதிப் பேராவது இந்த நோட்டீஸைக் கையில் வாங்கியிருப்பார்கள்.

நான் கவனித்தது அந்தத் தாளைத்தான். அது அச்சகத்திலிருந்து வந்ததில்லை. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்து, எத்தனையாவது தலைமுறையோ தெரியவில்லை. இடது ஓரத்தில் ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்து வெட்டுப்பட்டிருந்தது. நாள் கணக்கு இருந்த இடம் மங்கிப்போய், 11 என்று இருந்ததா 17 என்று இருந்ததா என்று தெரியாமல், யாரோ நீலப் பேனாவால் 17 என்று அழுத்தி எழுதியிருந்தார்கள். நான் எடுத்த நூறிலும் 17. நாலைந்து மாதம் கழித்து வேறொருவர் அதே நோட்டீஸைக் கொண்டுவந்தார். அதிலும் 17 இருந்தது, ஆனால் பேனாத் தடம் கறுப்பாகி, முதலிலிருந்தே அச்சில் இருந்த எழுத்து போல உட்கார்ந்துவிட்டது.

மீம் என்றால் என்ன என்று கடைக்கு வரும் காலேஜ் பிள்ளைகள் கேட்டால், வடிவேலு படத்தைக் காட்டுவதற்கு முன்னால் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

சொல் பிறந்த கதை

மீம் என்ற சொல் இன்டர்நெட்டில் பிறந்ததில்லை. 1976ல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் 'தி செல்ஃபிஷ் ஜீன்' என்ற நூலில் அதை உருவாக்கினார். மரபணு ஓர் உடலிலிருந்து அடுத்த உடலுக்குப் போவது போல, பண்பாட்டிலும் ஏதோ ஒன்று ஒரு மூளையிலிருந்து அடுத்த மூளைக்குத் தாவுகிறதே, அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று நினைத்தார். போலச் செய்தல் என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து 'மிமீம்' என்று எடுத்து, 'ஜீன்' என்ற சொல்லோடு ஓசை ஒத்துப்போக 'மீம்' என்று சுருக்கினார். அவர் கொடுத்த உதாரணங்கள் எல்லாம் சாதாரணமானவை: ஒரு மெட்டு, வாயில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வாசகம், உடுத்தும் மோஸ்தர், பானை வனையும் முறை, வளைவு கட்டும் முறை.

நன்றாகப் பரவும் மீமுக்கு மூன்று குணம் என்றார். நீண்ட நாள் தங்கவேண்டும், நிறைய குட்டி போடவேண்டும், குட்டி தாயைப் போலவே இருக்கவேண்டும். அந்த மஞ்சள் நோட்டீஸை இதில் வைத்துப் பாருங்கள். காகிதம் நீண்ட நாள் தங்காது. அச்சு தேய்கிறது, எண் மாறுகிறது, ஆகவே சாயலும் முழுசாக இல்லை. ஆனால் குட்டி போடுவதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஏனென்றால் 'என்னை நகலெடு' என்ற கட்டளை அதற்குள்ளேயே எழுதியிருக்கிறது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் 'இதை 10 பேருக்கு அனுப்புங்கள், இன்று இரவுக்குள் நற்செய்தி' என்று வருவதும் அதே நோட்டீஸின் பேரன்தான். மை போய் கண்ணாடித் திரை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இணையத்தில் ஓடும் விஷயங்களுக்கு இந்தச் சொல்லை இழுத்து வந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க வழக்கறிஞர் மைக் காட்வின். 1994ல் 'வயர்ட்' பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார். அப்புறம் சொல் மெல்ல மெல்ல மாறி, படத்தின் மேல் எழுத்து வைத்தால் மீம் என்று ஆகிவிட்டது. மீம் என்ற சொல்லே ஒரு மீம் போல உருமாறியிருக்கிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு.

ஒரு விஷயத்தில் மரபணு ஒப்பீடு சரியாகப் பொருந்தாது. மரபணுவில் பிழை தற்செயலாக வருகிறது. மனிதன் தெரிந்தே மாற்றுகிறான். நீலப் பேனாவால் 17 என்று எழுதியவர் கவனக்குறைவானவர் இல்லை. அடுத்தவருக்குப் புரியவேண்டுமே என்று அக்கறையோடு எழுதியவர். நகலெடுக்கும் ஒவ்வொரு கையும் கொஞ்சம் யோசிக்கிறது.

நடுகல்லும் டெம்ப்ளேட்டும்

நம் மாவட்டத்தில் இதைப் புரிந்துகொள்ள மிக நல்ல இடம் தருமபுரி அருங்காட்சியகம். அங்கே வரிசையாக நடுகற்கள் இருக்கின்றன. அருங்காட்சியகம் போக நேரமில்லை என்றால் அரூர்ப் பக்கம் ஏதாவது ஊரில் வேடியப்பன் கோயில் எங்கே என்று கேளுங்கள். பல இடங்களில் சாமியாக நிற்பது ஒரு பழைய நடுகல்தான்.

பத்துக் கல்லை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். வீரன் ஓடுகிற பாவனையில் கால் வைத்திருப்பான். ஒரு கையில் வில், மறு கையில் வாள். உடம்பில் அம்பு தைத்திருக்கும். எழுத்துள்ள கல்லாக இருந்தால் முதலில் எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, பிறகு இன்னார் ஊரில் இன்னார் ஆள், தொறு மீட்டுப் பட்டான், அவன் கல். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். பல்லவர் காலத்திலிருந்து வந்த வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் இந்த அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது.

படத்துக்குப் போடும் சட்டம் போல, அமைப்பு ஒன்றுதான். உள்ளே வைக்கும் பெயர், ஊர், நிகழ்ச்சி மட்டும் மாறுகிறது. நம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு கோவிவன் என்ற நாயும் நிற்கிறது. அது கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்லில் எழுதியிருக்கிறார்கள். சட்டத்துக்குள் ஒருவன் ஒரு புது விஷயத்தை நுழைத்திருக்கிறான். அதனால்தான் 1,400 வருடம் கழித்தும் அந்தக் கல்லைப் பற்றிப் பேசுகிறோம்.

இன்றைக்கு மீம் போடுகிற பையன்கள் 'டெம்ப்ளேட்' என்று சொல்வது இதைத்தான். பார்த்தவுடன் "ஓ, இந்த வகையா" என்று புரியவேண்டும். பாதி அர்த்தத்தைச் சட்டமே சொல்லிவிடும், மீதிப் பாதியைப் போடுகிறவன் சொல்வான். நடுகல் செதுக்கியவனும் அப்படித்தான். வில்லும் வாளும் கண்டவுடனே கும்பிடத் தோன்றிவிடும், யார் என்பதை அப்புறம் படித்துக்கொள்ளலாம். (சாவையும் கேலியையும் ஒரே தட்டில் வைக்கிறேனே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். பரவும் முறையில்தான் இரண்டும் ஒன்று.)

வைரலும் மீமும் ஒன்றல்ல

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். இஸ்ரேலிய ஆய்வாளர் லிமோர் ஷிஃப்மன் 2013ல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறார். ஒரே வீடியோ மாறாமல் லட்சம் பேரிடம் போனால் அது வைரல். ஒன்றைப் பார்த்து லட்சம் பேர் ஆளுக்கு ஒன்றாகச் செய்தால், அந்தக் கூட்டம் முழுக்கச் சேர்ந்துதான் மீம். தனி மீம் என்று ஒன்று கிடையாது, மீம் எப்போதும் ஒரு குடும்பம்.

இதற்குத் தமிழர்கள் உலகத்துக்கே கொடுத்த உதாரணம் நேசமணி. 2019 மே மாதம் சிவில் எஞ்சினியரிங் சம்பந்தமான ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். நம் ஆள் ஒருவர், இது சுத்தியல், ஜமீன் அரண்மனையில் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்தது இதுதான் என்று பதில் போட்டார். 2001ல் வந்த 'பிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம் அது. விஷயம் தெரியாத யாரோ, அவர் இப்போது நலமா என்று விசாரித்தார். அவ்வளவுதான். நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்ற ஹாஷ்டேக் கிளம்பி, மோடி இரண்டாவது முறை பிரதமராகப் பதவியேற்ற அதே நாட்களில் உலக அளவில் டிரெண்ட் ஆனது. மருத்துவமனை அறிக்கை மாதிரி ஒன்று, செய்திச் சேனல் மாதிரி ஒன்று, கண்டன அறிக்கை மாதிரி ஒன்று என்று ஆளாளுக்குச் செய்தார்கள்.

18 வருடம் கழித்து ஏன் அது பற்றிக்கொண்டது? தமிழ்நாட்டில் எல்லார் மண்டையிலும் அந்தக் காட்சி ஏற்கெனவே இருந்தது. சுத்தியல் தீக்குச்சி மட்டும்தான், வைக்கோல் வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்தது. அதே படத்தின் நகைச்சுவையிலிருந்து 'ஆணி' என்ற சொல் பிரிந்து வந்து, ஐ.டி. கம்பெனிகளில் அலுவலக வேலைக்கே பெயராகிவிட்டது. "இன்னைக்கு ஆணி அதிகம்" என்று சொல்லும் பெங்களூரு பையன்களில் எத்தனை பேர் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்திருப்பார்கள்? பார்க்கத் தேவையே இல்லை. சொல் தன் தாய்வீட்டை விட்டு வந்துவிட்டது.

என் கடையில் இதைக் கண்ணெதிரே பார்க்கிறேன். முகூர்த்த மாதம் வந்தால் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஃபிளக்ஸ் டிசைனுக்கு வருவார்கள். பத்துக்கு எட்டு ஃபிளக்ஸ். நடுவில் மணமக்கள், சுற்றிலும் மீம். ஒருமுறை மாரண்டஅள்ளிப் பையன்கள் ஆறு பேர், ஃபோனில் ஒரு படத்தை நீட்டி அதையே மேலே போடச் சொன்னார்கள். அந்தப் படம் எத்தனை பக்கங்களைத் தாண்டி வந்ததோ, மூலையில் மூன்று மீம் பக்கங்களின் பெயர் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தது. பெரிதாக்கினால் வடிவேலுவின் கன்னமெல்லாம் சின்னச் சின்னச் சதுரம். ஃபோனில் படத்தை அனுப்பும்போதும், ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமிக்கும்போதும், இடம் மிச்சம் பிடிக்க நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறார்கள், அதனால் வரும் சேதாரம் அது. தெளிவான படம் தேடித் தருகிறேன் தம்பி என்றேன். "வேணாங்ண்ணா, இதுதான் நம்ம குரூப்ல சுத்துன படம், இதையே போடுங்க" என்றான் ஒருவன். தேய்ந்த படம்தான் அவர்களுக்கு அசல். பல கை பட்டு வந்தது என்பதற்கு அந்தச் சதுரங்கள் சாட்சி.

எதை அனுப்புகிறோம், ஏன்?

2012ல் ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், நியூயார்க் டைம்ஸ் கட்டுரைகள் ஏறக்குறைய 7,000ஐ எடுத்து, எதை மக்கள் அதிகம் மின்னஞ்சலில் அனுப்பினார்கள் என்று பார்த்தார்கள். வியப்பு, கோபம், பதற்றம் தருபவை அதிகம் போயிருந்தன. சோகம் தருபவை குறைவாகப் போயிருந்தன. சோகம் நம்மை உட்கார வைத்துவிடும். கோபமும் வியப்பும் எழுந்து நடக்க வைக்கும், கை தானாக ஃபோனுக்குப் போகும்.

உணர்ச்சி ஒரு காரணம். இன்னொன்று, அனுப்புகிறவருக்குக் கிடைக்கும் ஒரு மரியாதை. பழமொழிகளின் 'உண்மையான அர்த்தம்' என்று வரும் ஃபார்வர்டுகளைப் பாருங்கள். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பது தப்பாம், சஷ்டியில் விரதம் இருந்தால் கருப்பையில் வரும் என்பதுதான் சரியாம். களவும் கற்று மற என்பது தப்பாம், களவும் கத்தும் மற என்பதுதான் சரியாம். இவற்றுக்குப் பழைய சுவடி ஆதாரம் எதையும் அந்த ஃபார்வர்டுகள் காட்டுவதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. ஏனென்றால் 'உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும், அதை உங்களுக்கும் தருகிறேன்' என்ற சந்தோஷம் அதில் இருக்கிறது. என் மாமனார் காலை 6 மணிக்கு இதில் ஒன்றைக் குடும்ப குரூப்பில் போடுவார். அது அவர் எங்களை நலம் விசாரிக்கும் விதம். அதன் உள்ளடக்கத்தை மட்டும் வைத்து அவரோடு வாதாடினால் பாதியைத் தவறவிடுகிறோம்.

யாரிடம் எண்ணிக்கை இருக்கிறதோ அவர்களுடைய அனுபவம்தான் மீம் ஆகும் என்பதையும் சொல்லவேண்டும். 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தக்காளியை லாக்கரில் வைப்பது, தக்காளிக்குக் காவல் போடுவது, வரதட்சணையாகத் தக்காளி கேட்பது என்று நாடு முழுக்க மீம். எங்கள் பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுவரும் விவசாயி ஒருவர் கடையில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அவரும் சிரித்தார். அப்புறம் சொன்னார்: "கிலோ ரெண்டு ரூவாய்க்குப் போச்சே, பறிக்கிற கூலிக்கே கட்டாம ரோட்டுல கொட்டினோமே, அப்ப ஒருத்தனும் மீம் போடல பாருங்க." விலை ஏறினால் வாங்குகிற கோடிப் பேருக்கும் வலி, ஆகவே எல்லாரும் டெம்ப்ளேட்டைப் புரிந்துகொள்வார்கள். விலை விழுந்தால் விளைவித்தவருக்கு மட்டும் வலி. மீம் ஊருக்கே கண்ணாடி என்கிறார்கள். அந்தக் கண்ணாடி வாங்குகிறவர்கள் நிற்கும் பக்கம்தான் திரும்பியிருக்கிறது.

எந்த வழியாகப் போகிறது?

1973ல் மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டதை எழுதினார். அடிக்கடி பார்க்கும் ஆள் என்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். மற்றவர்கள் எப்போதோ பார்க்கும் ஆள் என்றார்கள். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்துப் பழக்கத்தின் வழியாகத்தான் வரும். ஓசூர் சிப்காட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதி எங்கள் தெருவுக்கு வந்தது, என் மச்சானோடு எப்போதோ ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர் வழியாக. மீமும் இந்தப் பாலத்தில்தான் ஊர் தாண்டுகிறது. திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இரண்டு குரூப்பில் இருப்பார்கள். அங்கே சிரித்ததை இங்கே போடுவார்கள்.

ஆனால் சிரிப்பு பரவுவது போல எல்லாமே பரவாது. காசு போடவேண்டிய விஷயம், நாலு பேர் ஏதாவது சொல்வார்களோ என்று பயப்படவேண்டிய விஷயம், ஒரு தூரத்துப் பழக்கம் சொன்னதால் நடந்துவிடாது. பக்கத்தில் இரண்டு மூன்று பேர் செய்வதைக் கண்ணால் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் ரையன், கிராஸ் என்ற இருவர் 1943ல் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர் பெற்றது. ஒட்டுரக மக்காச்சோள விதை 259 விவசாயிகளிடம் எப்படிப் போனது என்று பார்த்தார்கள். 1928லிருந்து 1941க்குள் இரண்டு பேரைத் தவிர எல்லாரும் மாறிவிட்டார்கள். ஆனால் விதை வியாபாரி வந்து சொன்னது ஒரு காலம், பக்கத்துக் காட்டுக்காரர் போட்டதைப் பார்த்துத் தானும் போட்டது அதற்குப் பிறகு ஒரு காலம். எங்கள் பக்கம் தக்காளிக்குச் சொட்டுநீர்க் குழாயும் மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட்டும் வந்ததை நினைத்தால் அச்சு அசலாக அதேதான். வரப்பில் நின்று ஒரு பருவம் முழுக்க வேடிக்கை பார்த்தவர்தான் அடுத்த பருவம் ஷீட் வாங்கினார்.

2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் இரண்டும் ஒன்றாக நடந்தன. மெரினாவின் படமும் மீமும் தூரத்துப் பாலத்தில் வந்தன. எங்கள் ஊர்களில் ஜல்லிக்கட்டு கிடையாது, எருது விடும் விழாதான். ஆனாலும் பையன்கள் தெருவில் இறங்கியது ஃபோனைப் பார்த்து மட்டும் இல்லை. கூடப் படிக்கிற நாலு பேர் ஏற்கெனவே போய் உட்கார்ந்திருந்தார்கள். முகப்புப் படத்தை மாற்றியவன், அடுத்த நாள் கறுப்புச் சட்டை போட்டான், அதற்கு அடுத்த நாள் போய் உட்கார்ந்தான். கருத்து சமூகத்துக்குள் இறங்குவது இப்படிப் படிப்படியாகத்தான்.

இன்டர்நெட் இல்லாமலே வேகமாக ஓடியவையும் உண்டு. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற சேதி ஒரே நாளில் நாடு முழுக்கப் போனது. 1990களில் பெங்களூருப் பக்கம் இரவில் பேய் வந்து கதவைத் தட்டுகிறது என்று கிளம்பி, 'நாளே பா' என்று கதவில் எழுதினார்கள். படித்துவிட்டுப் பேய் நாளைக்கு வரலாம் என்று போய்விடுமாம். எல்லையோரம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருந்த என் பெரியம்மா வீட்டுக் கதவில் கன்னடம் ஒரு பக்கம், 'நாளை வா' என்று தமிழ் ஒரு பக்கம். எந்த மொழிப் பேய் என்று தெரியாதே என்பார் பெரியம்மா. பயத்தோடு சேர்த்துக் கையில் ஒரு சின்ன வேலையும் கொடுத்தது அந்த வதந்தி, ஒரு சாக்பீஸ் போதும். அப்புறம் அந்தச் சாக்பீஸ் எழுத்தே தெருவில் போகிறவர்களுக்கு வதந்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பரவுவதும் பரப்புவதும்

வைரல் என்ற சொல் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இருக்கிறது. வைரஸ் நம்மைக் கேட்காமல் தொற்றும். ஒரு படமோ சேதியோ அப்படித் தொற்றாது. ஒருவர் விரலை வைத்து, யாருக்கு என்று தேர்ந்தெடுத்து, அனுப்பவேண்டும். தமிழில் இதற்கு அழகாக இரண்டு சொல் இருக்கிறது: பரவுதல், பரப்புதல். தீ பரவும். சேதியை ஒருவர் பரப்புவார். 'வதந்தி பரவியது' என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம், அந்த வாக்கியத்தில் ஆளே இல்லாமல் போய்விட்டதே என்று தோன்றும்.

பொய் இன்னும் வேகம். 2018ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஓடிய சுமார் 1,26,000 சேதிகளைப் பார்த்தது. மெய்யைவிடப் பொய் மறுபகிர்வாகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். முக்கியமானது, அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் இல்லை, மனிதர்கள்தான் என்று கண்டார்கள். பொய் புதுசாக இருக்கும். புதுசைச் சொல்ல எல்லாருக்கும் ஆசை.

அதே 2018ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தி இந்தியா முழுக்க ஓடியது. பைக்கில் வந்த இருவர் குழந்தையைத் தூக்கிப் போகும் வீடியோ ஒன்று அதில் சுற்றியது. உண்மையில் அது பாகிஸ்தானில் கராச்சியில், குழந்தைகள் மேல் கவனமாக இருங்கள் என்று சொல்ல எடுத்த விழிப்புணர்வு வீடியோ. குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, வாசகம் எழுதிய அட்டையைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். சில விநாடி போனதும் அர்த்தமே தலைகீழ். மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, சாமி கும்பிட வந்த இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு சேதியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பல கை மாறி இரட்டை அம்புக்குறியோடு வரும் சேதிகளை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்பலாம் என்று இறுக்கியது. அப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்தன என்று அந்த நிறுவனமே சொன்னது. சேதியைத் தடுக்கவில்லை, ஒவ்வொரு முறையும் இன்னொரு தடவை விரலை வைக்கச் செய்தார்கள். அதிலேயே அவ்வளவு நின்றுபோனது.

போளூர் சேதி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் என் கடைக்கு ஒரு தம்பி வந்தான். ஃபோனில் ஒரு படம்: யாரோ ஒருவரின் முகம், மேலே பெரிய எழுத்தில் எச்சரிக்கை, கீழே 'பார்த்தவுடன் பகிரவும்'. ஊரில் ஒட்ட 300 வேண்டும் என்றான். அக்காவின் குழந்தை அங்கன்வாடிக்குப் போகிறது என்றான். பயந்திருந்தான். கூட்ட நேரம். நான் படிக்காமலே பிரின்ட் கொடுத்து மிஷினில் போட்டேன். 40 தாள் விழுந்த பிறகுதான் கண்ணில் பட்டது. நிறுத்தினேன். இது யார், எங்கே நடந்தது என்று கேட்டேன். குரூப்பில் வந்தது என்றான். மீதியைப் போட மாட்டேன் என்றேன். விழுந்த 40ஐ எடுத்துக்கொண்டு போய்விட்டான், நான் பிடுங்கி வைக்கவில்லை.

போளூர் சேதியைப் படித்த அன்று கடையைச் சாத்திவிட்டு வெள்ளிச்சந்தை வரை போனேன். டீக்கடைச் சுவரில் மூன்று தாள், பேருந்து நிறுத்தத்தில் ஒன்று. கிழித்தேன். மற்றவை எங்கே என்று தெரியவில்லை.

பத்து நாள் கழித்து வேறொருவர், நடுவயது, நான் அதுவரை பார்த்திராத ஆள், ஒரு தாளை நீட்டி "இருபது காப்பி" என்றார். அதே முகம். முகம் இப்போது கறுத்து, மூக்கும் வாயும் தெரியாமல், யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது போல ஆகியிருந்தது. அப்போது என் மிஷினின் டிரம்மில் ஒரு கீறல். எடுக்கும் ஒவ்வொரு காப்பியிலும் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு விழும். அவர் நீட்டிய தாளில் அந்தக் கோடு இருந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி, வேறு ஏதோ கடை மிஷினின் இன்னொரு கோடு.